எச்.ஐ.வி. உள்ள தாய்க்குப் பிறந்த குழந்தை: முதல் நாள் முதல் பள்ளிப் பருவம் வரை என்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில்?

இந்த வேலையில் இரண்டை மட்டும் தவறவிடக் கூடாது. ஒன்று தேதி, இன்னொன்று எடை. எந்த வாரத்தில் எந்தப் பரிசோதனை, குழந்தை இப்போது எத்தனை கிலோ, அந்தக் கிலோவுக்கு எத்தனை மாத்திரை என்பதெல்லாம் விரல்நுனியில் இருக்க வேண்டும். ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்துச் சிகிச்சை) மையங்களுக்குக் குடும்பங்களோடு போய்வந்த காலத்தில் நான் பார்த்த தடுமாற்றங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றில்தான் நடந்தன. மருந்து இல்லாமல் போனதால் நடந்தது குறைவு.

குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அம்மா, பாட்டி, சித்தி, புதிதாக வேலைக்குச் சேர்ந்த களப்பணியாளர் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். மருந்தின் அளவை மருத்துவர்தான் முடிவு செய்வார். இங்கே வரும் எண்கள், அவர் எழுதித் தருவதைப் புரிந்துகொண்டு சரிபார்ப்பதற்காக மட்டும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

தாயின் பச்சைப் புத்தகம். ஏ.ஆர்.டி. மையத்தில் தருவார்களே, அதுதான். பிரசவத்துக்குப் போகும் பையில் துணிமணிக்கு முன்னால் இது போக வேண்டும். தாய்க்குக் கடைசியாக எடுத்த வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு, எவ்வளவு என்று அதில் இருக்கும். குழந்தைக்கு ஒரு சிரப்பா இரண்டா, எத்தனை வாரம் என்பதை அந்த எண்தான் முடிவு செய்கிறது.

ஊசி இல்லாத, மில்லி கோடு போட்ட சிரிஞ்ச் இரண்டு. ஒன்று உடைந்தால் இன்னொன்று. மருந்துக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். தேக்கரண்டியும் பாலாடையும் இந்த மருந்துக்கு ஆகாது.

அம்மாவைத் தவிர விவரம் தெரிந்த இன்னொரு ஆள். அம்மாவுக்குக் காய்ச்சல் வரும், துக்க வீட்டுக்குப் போக நேரும். அன்றைக்கு மருந்து கொடுக்க ஆள் வேண்டும்.

ஒரு காலண்டர். கைபேசியில் இருந்தாலும் சரி, சுவரில் தொங்கினாலும் சரி. பிறந்த தேதியிலிருந்து 6 வாரம், 6 மாதம், 12 மாதம், 18 மாதம் என்று நான்கு நாட்களைக் கணக்கிட்டு அன்றே வட்டம் போடுங்கள்.

1. பிறந்த சில மணி நேரத்துக்குள் சிரப்

வைரஸ் தாயிடமிருந்து மூன்று கட்டங்களில் வரலாம்: வயிற்றில் இருக்கும்போது, பிரசவத்தின்போது, பால் கொடுக்கும்போது. எதுவுமே செய்யாவிட்டால் நூறு குழந்தைகளில் 15 முதல் 45 பேருக்குத் தொற்று வரும். தாயும் சேயும் ஒழுங்காக மருந்து எடுத்தால் அது ஐந்துக்கும் கீழே போய்விடும். பிரசவ நேரத்தில் உள்ளே போயிருக்கக் கூடிய வைரஸ் வேரூன்றுவதைத் தடுக்கத்தான் இந்த சிரப். தாமதமானால் பலன் குறையும்.

தாயின் வைரல் லோடு கட்டுக்குள் இருந்தால் ஒரே மருந்து, வழக்கமாக நெவிரப்பின் சிரப், 6 வாரம். தாய் மருந்தே எடுக்கவில்லை, பிரசவத்தின்போதுதான் தொற்று தெரிந்தது, வைரல் லோடு அதிகம், கடைசி மாதங்களில் அந்தப் பரிசோதனையே செய்யவில்லை, இவற்றில் ஏதாவது ஒன்று என்றாலும் நெவிரப்பினும் சிடோவுடினும் சேர்த்துக் கொடுப்பார்கள். அப்படிப்பட்ட குழந்தை தாய்ப்பாலும் குடித்தால் 12 வாரம் வரை போகும்.

இங்கே நடக்கும் பெரிய பிழை மில்லிகிராமையும் மில்லியையும் குழப்புவது. நெவிரப்பின் சிரப்பில் 1 மில்லிக்கு 10 மில்லிகிராம் மருந்து இருக்கும். சீட்டில் 15 மில்லிகிராம் என்றிருந்தால் சிரிஞ்சில் ஒன்றரை மில்லி. ஒரு வீட்டில் "15" என்பதை மட்டும் பார்த்துவிட்டு, பாலாடையில் 15 மில்லி ஊற்றி வைத்திருந்தார்கள். அந்த நேரத்தில் நான் தற்செயலாக உள்ளே நுழைந்தேன். அன்று முதல், வார்டை விட்டுக் கிளம்பும் முன் செவிலியர் முன்னிலையில் ஒரு முறை குடும்பத்தாரையே சிரிஞ்சில் எடுக்கச் சொல்லிப் பார்க்காமல் யாரையும் அனுப்புவதில்லை.

2. பால்: ஏதாவது ஒன்று, கலக்கக் கூடாது

தாய் ஒழுங்காகக் கூட்டு மருந்து எடுக்கிறார் என்றால் முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும். தண்ணீர்கூட வேண்டாம். தாய்ப்பால் கொடுக்க முடியாத நிலையில், சுத்தமான தண்ணீரும் மாதாமாதம் பால்பவுடர் வாங்கக் காசும் உறுதியாக இருந்தால் பவுடர் பால் மட்டும். இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுப்பதுதான் ஆபத்து. வேறு பாலும் உணவும் பிஞ்சுக் குடலின் உள்சுவரைப் புண்ணாக்கும். அந்த வழியாகத் தாய்ப்பாலில் உள்ள வைரஸ் நுழையும்.

அம்மாவுக்கு இது புரிந்திருக்கும். பிரச்சினை வீட்டுக்கு வரும் பெரியவர்களிடம். சேனை வைக்க வேண்டும் என்று சர்க்கரைத் தண்ணீரோடு ஒருவர் வருவார். உரை மருந்து, தேன், கழுதைப்பால், கிரைப் வாட்டர் என்று வரிசையாக வரும். நோயைப் பற்றி அவர்களிடம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. "ஆறு மாசத்துக்குத் தாய்ப்பால் தவிர எதுவும் கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாங்க" என்பது எல்லாக் குழந்தைக்கும் பொருந்தும் உண்மைதானே. அதைச் சொன்னால் போதும்.

6 மாதம் முடிந்ததும் கூழ், மசித்த சாதம், பருப்பு என்று தொடங்கலாம். அப்புறம் தாய்ப்பாலும் உணவும் சேர்ந்து போகலாம். நிறுத்தும்போது ஒரே நாளில் நிறுத்தாமல் ஒரு மாதத்தில் படிப்படியாகக் குறையுங்கள். திடீரென்று நிறுத்தினால் மார்பில் பால் கட்டிப் புண்ணாகும். மார்பில் புண்ணோ சீழோ இருந்தால் அந்தப் பக்கம் கொடுக்காமல் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பால் கொடுக்கும் காலம் முழுக்கத் தாய் எடுக்கும் மாத்திரைதான் குழந்தைக்கும் காவல். பிள்ளையைக் கவனிக்கும் அவசரத்தில் தன் மாத்திரையை மறக்கும் அம்மாக்கள் ஏராளம்.

3. ஆறாவது வாரம்: தடுப்பூசி போடும் நாளிலேயே ரத்தச் சொட்டுப் பரிசோதனை

6 வாரத்தில் எல்லாக் குழந்தைக்கும் பென்டாவேலன்ட் தடுப்பூசி உண்டு. அந்த நாளையே பிடித்துக்கொள்ளுங்கள். தடுப்பூசி போட்ட கையோடு நம்பிக்கை மையத்துக்கு (அரசு எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) போனால் குதிகாலில் குத்தி, ஒரு தாளில் சில சொட்டு ரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். வைரஸின் மரபணுவைத் தேடும் பரிசோதனை இது. முடிவு அன்றே வராது.

பெரியவர்களுக்குச் செய்யும் சாதாரண எச்.ஐ.வி. பரிசோதனை இந்த வயதில் ஏன் உதவாது? அது எதிர்ப்பொருளைத் தேடுகிறது. தாயின் எதிர்ப்பொருள் தொப்புள் கொடி வழியாகக் குழந்தைக்கு வந்து 18 மாதம் வரைகூடத் தங்கும். ஆகவே தொற்றே இல்லாத குழந்தைக்கும் 'பாசிட்டிவ்' என்று வரும். மூன்று மாதக் குழந்தைக்குத் தெருமுனை ஆய்வகத்தில் சோதனை செய்து, அந்தத் தாளோடு இடிந்துபோய் உட்கார்ந்திருந்த ஒரு தகப்பனைப் பார்த்திருக்கிறேன். அந்தக் குழந்தைக்குத் தொற்று இல்லை என்று பின்னால் தெரிந்தது.

இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு. 6 வாரத்தில் 'இல்லை' என்று வந்ததும் நிம்மதியாகி, அதோடு வருவதை நிறுத்திவிடுவார்கள். தாய்ப்பால் குடிக்கும்வரை தொற்று வர வாய்ப்பு இருக்கிறது. அதனால்தான் 6 மாதம், 12 மாதம் என்று திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறார்கள். கடைசி முடிவு 18 மாதத்தில், அல்லது தாய்ப்பால் நிறுத்தி 3 மாதம் கழித்து, எது பிந்தியதோ அப்போது. இடையில் குழந்தை அடிக்கடி நோய்வாய்ப்பட்டால் வட்டம் போட்ட தேதிக்குக் காத்திருக்கக் கூடாது.

அதே ஆறாவது வாரத்தில் கோட்ரைமாக்சசோல் சிரப்பும் தொடங்கும். தொற்று இருக்கிறதா என்று தெரியாத நிலையில் எதற்கு மருந்து என்று கேட்பார்கள். தொற்றுள்ள குழந்தையை 3 முதல் 6 மாத வயதில் திடீரென்று கொண்டுபோகும் ஒருவகை நிமோனியா உண்டு. முடிவு வரும்வரை காத்திருந்தால் அது முந்திக்கொள்ளும். தொற்று இல்லை என்று உறுதியானதும் மருத்துவரே நிறுத்திவிடுவார்.

தடுப்பூசிகளைப் பொறுத்தவரை மற்றக் குழந்தைகளுக்கு உள்ள அட்டவணைதான். உடல்நிலை மோசமாக இருந்தால் உயிருள்ள கிருமி கொண்ட ஊசிகளை மட்டும் மருத்துவர் தள்ளிப்போடுவார்.

4. 'இருக்கிறது' என்று வந்தால் அந்த வாரமே சிகிச்சை

முதல் முடிவு பாசிட்டிவ் என்றால் உறுதிசெய்ய இரண்டாவது ரத்தம் எடுப்பார்கள். அதே நாளில் சிகிச்சைக்கான வேலையும் தொடங்க வேண்டும். இரண்டாவது முடிவு வரட்டும், திருவிழா முடியட்டும், மாமியார் ஊருக்குப் போகட்டும் என்று தள்ளுவதுதான் இந்த வழிகாட்டியில் நான் சொல்லப்போகும் தவறுகளிலேயே விலை அதிகமானது.

காரணம் இதுதான். பிறவியிலேயே தொற்று வந்த குழந்தைகளுக்குச் சிகிச்சை இல்லாவிட்டால் மூன்றில் ஒரு பங்கு முதல் பிறந்த நாளைப் பார்ப்பதில்லை. பாதிப் பேர் இரண்டாவது பிறந்த நாளைப் பார்ப்பதில்லை. அதிலும் இறப்பு அதிகம் 2 முதல் 4 மாத வயதில். 2008-ல் வெளிவந்த தென்னாப்பிரிக்க ஆய்வு ஒன்றில், நோய் முற்றும்வரை காத்திராமல் தொற்று தெரிந்தவுடனே சிகிச்சை தொடங்கியபோது பச்சிளங்குழந்தைகளின் இறப்பு 76 சதவீதம் குறைந்தது. சி.டி.4 (எதிர்ப்புச் சக்தி அணுக்களின் அளவு) முடிவு வரவில்லை என்பதற்காகவும் காத்திருக்கக் கூடாது. அது வரும்போது வரட்டும்.

சிகிச்சைக்கு முன் அவசியம் பார்க்க வேண்டியது காசநோய். இருமல், காய்ச்சல், எடை கூடாமை, வீட்டில் யாருக்காவது டி.பி. ஆகிய நான்கையும் கேட்பார்கள். நான்காவது கேள்விக்கு மறைக்காமல் பதில் சொல்லுங்கள். தாத்தாவின் இருமல் அவர் சொந்த விஷயம் என்று ஒரு வீட்டில் விட்டுவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்துக் குழந்தைக்கும் டி.பி. மருந்து தொடங்க வேண்டியிருந்தது. அறிகுறி எதுவும் இல்லாத, ஒரு வயது தாண்டிய குழந்தைக்குக் காசநோய் வராமல் தடுக்க 6 மாதம் ஐசோனியசிட் தருவார்கள்.

5. நோய் நகரும் விதத்தைத் தெரிந்து வைத்திருங்கள்

எல்லாக் குழந்தைக்கும் ஒரே வேகம் கிடையாது. சிலருக்கு முதல் வருடத்துக்குள்ளேயே முற்றிவிடும். பெரும்பாலானோருக்குச் சில வருடங்களில். இன்னும் சிலர் எட்டு, ஒன்பது வயதுவரை சும்மா ஒல்லியான பிள்ளை என்ற பேரோடு ஓடிக்கொண்டிருப்பார்கள். இந்தக் கடைசிக் கூட்டத்தைத்தான் நாம் தவறவிடுகிறோம். தாய் இறந்து, பாட்டி வீட்டில் வளரும் பிள்ளைகள் பலர் இப்படித்தான் தாமதமாகத் தெரியவந்தார்கள்.

எதைப் பார்த்துச் சந்தேகப்படுவது? வாயில் வெள்ளைப் படலம் 2 மாத வயதுக்குப் பிறகும் போகாமல் திரும்பத் திரும்ப வருவது, மாதக்கணக்கில் காதில் சீழ், விடாத வயிற்றுப்போக்கு, பொன்னுக்கு வீங்கி போலக் கன்னத்தில் இரு பக்கமும் வலியில்லாத வீக்கம், கை கால்களில் ஆறாத அரிப்புக் கொப்புளம், வருடத்துக்கு இரண்டு மூன்று முறை நிமோனியா. எல்லாவற்றுக்கும் மேலாக, வளர்ச்சி அட்டையில் எடைக் கோடு ஏறாமல் படுத்துவிடுவது. உட்கார்ந்துகொண்டிருந்த குழந்தை உட்காராமல் போனால், பேசிய சொல்லை மறந்தால், மூளையைத் தொட்டுவிட்டது என்று பொருள். அன்றே போங்கள்.

சி.டி.4 எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். பெரியவருக்கு 600 என்றால் பரவாயில்லை. கைக்குழந்தைக்கு இயல்பாகவே இது பல மடங்கு அதிகம், அதனால் 600 என்பது மிகக் குறைவு. 5 வயதுக்குள் சதவீதத்தைத்தான் பார்ப்பார்கள். 25 சதவீதத்துக்குக் கீழே போனால் கவலைப்பட வேண்டும். சிகிச்சை தொடங்காத, 5 வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தையையும் முற்றிய நோயாளியாகவே கருதிக் கவனிக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்.

6. மருந்து: எடை மாறினால் அளவு மாறும்

முன்பெல்லாம் லோபினாவிர் சிரப். கசப்பென்றால் அப்படி ஒரு கசப்பு. குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும், அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக ஆல்கஹால் வேறு. மூக்கைப் பிடித்து ஊற்றி, அது துப்பி, வீடே ரணகளமாகும். இப்போது 4 வாரம் தாண்டிய, 3 கிலோவாவது உள்ள குழந்தைக்கு 10 மில்லிகிராம் டோலுடெக்ராவிர் கரையும் மாத்திரை இருக்கிறது; ஸ்ட்ராபெர்ரி வாசனையோடு வரும். கூடவே அபாகாவிரும் லாமிவுடினும் சேர்ந்த கரையும் மாத்திரை.

டோலுடெக்ராவிர் 10 மில்லிகிராம் மாத்திரையின் கணக்கு: 3 முதல் 6 கிலோவுக்குள் அரை மாத்திரை. 6 முதல் 10-க்குள் ஒன்றரை. 10 முதல் 14-க்குள் இரண்டு. 14 முதல் 20-க்குள் இரண்டரை. 20 கிலோ ஆனதும் பெரியவர்களின் 50 மில்லிகிராம் மாத்திரை ஒன்று. 5.8 கிலோ குழந்தை அடுத்த மாதம் 6.1 ஆனால் அளவு மூன்று மடங்காகிறது, பார்த்தீர்களா? அதனால்தான் ஒவ்வொரு முறையும் எடை பார்க்காமல் மருந்து வாங்கக் கூடாது. கூட்டம் அதிகமான நாளில் "போன மாசம் கொடுத்ததே கொடுங்க" என்று நீங்களே கேட்டுவிடாதீர்கள்.

50 மில்லிகிராம் தீர்ந்துவிட்டது என்று 10 மில்லிகிராமில் ஐந்தைக் கொடுக்கக் கூடாது. கரையும் மாத்திரையை உடல் அதிகமாக உறிஞ்சும், இரண்டும் சமமல்ல.

கொடுக்கும் முறை: சின்ன டம்ளரில் இரண்டு மூன்று தேக்கரண்டி காய்ச்சி ஆறிய தண்ணீர், அதில் மாத்திரைகள். ஏ.ஆர்.டி. மாத்திரை இரண்டையும் ஒன்றாகக் கரைக்கலாம். கரைந்ததும் உடனே கொடுங்கள், அரை மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். பிறகு இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி டம்ளரை அலசி அதையும் கொடுங்கள். அடியில் தங்குவதும் மருந்துதான். பால் புட்டியில் கலக்காதீர்கள். குழந்தை பாதிப் பாலை மிச்சம் வைத்தால் பாதி மருந்தும் மிச்சம்.

மருந்து கொடுத்து 30 நிமிடத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி முழு அளவும் கொடுக்க வேண்டும். நேரம் தவறினால் நினைவு வந்தவுடன் கொடுங்கள்; அடுத்த வேளை நெருங்கிவிட்டால் அதை மட்டும் கொடுங்கள், இரண்டாகச் சேர்த்து வேண்டாம்.

இரும்புச் சத்து, கால்சியம் சிரப் டோலுடெக்ராவிரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். டோலுடெக்ராவிரைக் கொடுத்து 2 மணி நேரம் கழித்து அவற்றைக் கொடுக்கலாம். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுத்தால் டோலுடெக்ராவிர் ஒரு நாளைக்கு இரண்டு வேளை ஆகும். டி.பி. மருந்து வேறு இடத்தில் தருவார்கள், அவர்களுக்கு இது தெரியாமல் போகலாம். நீங்கள்தான் இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும்.

அபாகாவிர் தொடங்கிய முதல் 6 வாரத்தில் காய்ச்சல், உடலில் தடிப்பு, வாந்தி, இருமல், சோர்வு சேர்ந்து வந்தால் அன்றே மையத்துக்குப் போங்கள். அது அபாகாவிர் ஒவ்வாமை என்று மருத்துவர் நிறுத்தினால் வாழ்நாளில் மறுபடி அந்த மருந்தைத் தொடக் கூடாது. இரண்டாம் முறை உயிருக்கே ஆபத்தாகலாம். பச்சைப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி வாங்குங்கள்.

7. முதல் மூன்று மாதம்: நன்றாவதற்குப் பதில் மோசமானால்

சில குழந்தைகளுக்கு மருந்து தொடங்கி 2 முதல் 12 வாரத்துக்குள் காய்ச்சல் வரும், நெறி கட்டும். இடது தோளில் பி.சி.ஜி. போட்ட பக்கத்து அக்குளில் வீங்கிச் சீழ்கூட வைக்கும். எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொண்டு, உள்ளே பதுங்கியிருந்த கிருமியோடு மோதுவதால் இது நடக்கிறது. "மருந்து ஒத்துக்கல" என்று வீட்டிலேயே நிறுத்துவதுதான் இங்கே வரும் பிழை. மருத்துவரிடம் காட்டுங்கள், பெரும்பாலும் ஏ.ஆர்.டி. தொடரும், அந்தக் கிருமிக்குத் தனி மருந்து சேரும்.

8. ஆறு மாதத்தில் வைரல் லோடு

மருந்து வேலை செய்கிறதா என்பதைச் சொல்வது எடையும் இந்த எண்ணும்தான். 6-வது மாதம், 12-வது மாதம், பிறகு வருடத்துக்கு ஒரு முறை. 1000-க்கு மேல் வந்தால் உடனே மருந்தை மாற்றுவதில்லை. ஏன் என்று முதலில் தேடுவார்கள்.

தேட வேண்டிய இடம் வீடு. மாத்திரை டப்பாவைக் கொட்டி எண்ணுங்கள். எடைக்கேற்ப அளவு மாறியதா என்று பாருங்கள். அப்புறம், அந்த மாதங்களில் உண்மையில் யார் மருந்து கொடுத்தது என்று கேளுங்கள். ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் மாத்திரையை நாக்குக்கடியில் ஒதுக்கி, ஜன்னலுக்கு வெளியே துப்பிக்கொண்டிருந்தான். கட்டிலை நகர்த்திய பிறகுதான் தெரிந்தது. அவனைத் திட்டிப் பயனில்லை. எதற்காக விழுங்குகிறோம் என்பதே அவனுக்குத் தெரியாது. காரணம் கண்டு சரிசெய்து, மூன்று மாதம் ஒழுங்காகக் கொடுத்த பிறகு மறுபடி எடுப்பார்கள். அப்போதும் 1000-க்கு மேல் என்றால்தான் அடுத்த கட்ட மருந்து.

9. குழந்தையிடம் சொல்வது

'சத்து மாத்திரை' என்று சொல்லிக் கொடுப்பது எல்லா வீட்டிலும் நடக்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. சத்து மாத்திரையை ஒரு நாள் விட்டால் என்ன ஆகிவிடும்? குழந்தை அப்படித்தான் நினைக்கும்.

5, 6 வயதில் நோயின் பெயரைச் சொல்ல வேண்டாம், பொய்யும் வேண்டாம். "உன் ரத்தத்துல ஒரு கிருமி தூங்குது. மாத்திரை போட்டா தூங்கிட்டே இருக்கும், விட்டா முழிச்சுக்கும்" என்றால் அந்த வயதுக்குப் போதும். 10, 12 வயதுக்குள் பெயரோடு முழுதாகச் சொல்லிவிட வேண்டும். ஏ.ஆர்.டி. மையத்து ஆலோசகரை வைத்துக்கொண்டு, அவசரமில்லாத ஒரு நாளில் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மாத்திரை டப்பாவில் உள்ள பெயரைக் கைபேசியில் தேடி அதுவே கண்டுபிடித்துவிடும். அப்படிக் கண்டுபிடித்த பிள்ளை முதலில் இழப்பது உங்கள் மீதான நம்பிக்கையை.

10. பள்ளி

2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டத்தின்படி, தொற்றைக் காரணம் காட்டிப் பள்ளியில் இடம் மறுக்கவோ தனியாக உட்காரவைக்கவோ கூடாது. தொற்றைப் பள்ளியில் சொல்லியே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவும் முடியாது. சொல்வதா வேண்டாமா என்பது குடும்பத்தின் முடிவு. நாளைக்கு ஒரே ஒரு தடவை மருந்து என்றால் வீட்டிலேயே முடிந்துவிடும். சொல்ல வேண்டிய தேவையே பெரும்பாலும் வராது. சிக்கல் வந்தால் 1097 என்ற இலவச எண்ணில் பேசலாம்.

பெற்றோர் இருவரும் இல்லாத வீடுகளுக்கு அதே சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. 12 முதல் 18 வயதுக்குள் உள்ள, பக்குவமான அண்ணனோ அக்காவோ தம்பி தங்கைக்குப் பாதுகாவலராகப் பள்ளிச் சேர்க்கை, சிகிச்சை போன்றவற்றில் கையெழுத்திடலாம். இதைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை, அலுவலகங்களில் இருப்பவர்களும்கூட.

11. ஊர் மாறும்போதும் வளர்ந்த பிறகும்

வேலைக்காகத் திருப்பூருக்கோ பெங்களூருக்கோ குடும்பம் போகும். கிளம்பும் முன் பழைய மையத்தில் மாற்றுக் கடிதம் வாங்கி, கையில் ஒரு மாத மாத்திரை இருக்கும்போதே புதிய மையத்தில் பதிவு செய்யுங்கள். மாத்திரை தீர்ந்த பிறகு தேடினால் இடைவெளி விழும். அந்த இடைவெளியில்தான் வைரஸ் மருந்துக்குப் பழகிக்கொள்கிறது.

10 வயது தாண்டி 30 கிலோவும் ஆனால் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரைக்கு மாற்றுவார்கள். ஒரு நாளைக்கு ஒன்று, அவ்வளவுதான். மாற்றிய அன்று வீட்டில் மிச்சமிருக்கும் பழைய மாத்திரைகளை மையத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அலமாரியில் இருந்தால் பாட்டி இரண்டையும் கொடுப்பார்.